மஞ்சளுக்கு அடியில்

அத்தியாயம் 9

கேட்டுக்கு மேலே, பத்தடி உயரத்தில் ஒரு தகரப் பலகை இருந்தது. மேல் பாதி மஞ்சள். கீழ்ப் பாதி சிவப்பு. ஒரு எழுத்துகூட இல்லை.

கேட்டுக்குப் பின்னால் இருந்த கிடங்குக்குக் கூரை இல்லை. மூன்று பக்கம் சுவர் இருந்தது. நான்காவது பக்கச் சுவர் தெருவுக்குக் குறுக்கே செங்கல் செங்கலாகக் கிடந்தது.

"மூணு நாள் ஆச்சு, இன்னும் தொண்டையைக் கடிக்குது," என்று அல்போன்சா தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள்.

"மூடு," என்றார் கஸ்தூரிரங்கன்.

"குடிக்கத்தான் சார்."

"ரோட்டுக்குப் போய்க் குடி. உள்ள இடிபாட்டுக்கு அடியில ரெண்டு டிரம் சோடியம் அப்படியே இருக்கு. சிதறின துண்டு எங்கெல்லாம் கிடக்குன்னு யாருக்கும் தெரியாது. தண்ணி பட்டா அது அணையாது. எரியும். வெடிக்கும்."

அல்போன்சா மூடியை இறுக்கித் திருகினாள். "போன மாசம் இந்த ஊர்ல தண்ணிக்காக அடிச்சுக்கிட்டாங்க. இங்க என்னடான்னா தண்ணியைப் பாத்தா ஓடணும். நல்ல எடத்துக்குக் கூட்டிட்டு வந்தீங்க சார்."

கஸ்தூரிரங்கன் சிரிக்கவில்லை. இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காகத் தீ விபத்துகளை ஆராய்ந்தவர். இப்போது அல்போன்சாவை உதவிக்கு வைத்துக்கொண்டு தனியாகத் துப்பறிகிறார். கரியான இடங்களில் அவருக்குச் சிரிப்பு வருவதில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணிக்கு லிங்கராஜபுரத்தில் ஸ்ரீகண்டனின் கெமிக்கல் கிடங்கில் தீப்பிடித்தது. தீயணைப்பு வண்டி பத்து நிமிடத்தில் வந்தது. வந்தவர்கள் தண்ணீர் அடித்தார்கள். உள்ளே ஆறு டிரம் சோடியம். மூடி திறந்துகொண்ட முதல் டிரம்மில் தண்ணீர் விழுந்ததும் சுவரே பெயர்ந்து வந்தது. குழாயின் முனையைப் பிடித்திருந்த தீயணைப்பு வீரர் நாகேஷ் அந்த இடத்திலேயே இறந்தார். வயது முப்பத்து நான்கு.

கேட்டில் ஒரு போர்டு இருந்திருக்கிறது. தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று. அதை யாரோ பெயிண்ட் அடித்து மறைத்துவிட்டார்கள்.

அந்த யாரோ நான்தான் என்று வாட்ச்மேன் பச்சைமுத்து எழுதிக் கொடுத்துவிட்டார். செவ்வாய்க்கிழமை காலையில் அவனைத் திட்டினேன், அந்தக் கோபத்தில் போர்டை அழித்துவிட்டுத் தீயும் வைத்துவிட்டான் என்று முதலாளி ஸ்ரீகண்டன் புகார் கொடுத்திருந்தார். தீ வைத்ததைப் பச்சைமுத்து ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் போர்டை ஒத்துக்கொண்டதே போலீசுக்குப் போதுமானதாக இருந்தது. இன்று மாலை ஐந்து மணிக்கு மாஜிஸ்ட்ரேட் வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். கொலை வழக்கு.

பச்சைமுத்துவின் மனைவி சந்திரம்மா காலை ஆறு மணிக்கு மர்பி டவுனிலிருந்து நடந்தே வந்து கஸ்தூரிரங்கன் வீட்டு வாசலில் நின்றாள். அவள் சொன்னது ஒரே வாக்கியம்.

"என் வீட்டுக்காரரு பொய் சொல்றாரு சார்."

"பொய் சொல்லித் தப்பிக்கிறவங்களைப் பாத்திருக்கேன்," என்றாள் அல்போன்சா இப்போது. "பொய் சொல்லி மாட்டிக்கிறவரை இப்பதான் பாக்குறேன். எதுல நின்னு ஏறினாராம்?"

"ஸ்டூல்ல."

அவள் அண்ணாந்து பார்த்தாள். "ஸ்டூல் மேல ஸ்டூல் போட்டு, அதுக்கு மேல ஏசுவைக் கூப்பிட்டாத்தான் எட்டும்."

கஸ்தூரிரங்கன் மதில் சுவரின் மேல் விளிம்பைக் காட்டினார். பலகைக்கு இரண்டு பக்கமும் சிமெண்டில் புதிய கீறல்கள். இரண்டும் ஒரே ஆழம்.

"ஏணிக் கால் தரையில குத்தும். மேல எதுக்குக் கீறல்?"

அல்போன்சா பதில் சொல்வதற்குள் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. ஸ்ரீகண்டன் இறங்கினார். வெளுத்த சட்டை, நெற்றியில் சின்னதாகக் குங்குமம். தாத்தா காலத்திலேயே மைசூர் சமஸ்தான உத்தியோகத்துக்கு வந்த குடும்பம். அவரே சொன்னார்.

"அந்தப் போர்டு செவ்வாய்க்கிழமை காலைல சரியா இருந்தது மிஸ்டர் கஸ்தூரிரங்கன். பத்து மணிக்கு இங்க வந்தேன். என் கண்ணால பாத்தேன்."

"எழுத்து தெரிஞ்சுதா?"

"தெளிவா."

கஸ்தூரிரங்கன் பலகையின் இடது மூலையைக் காட்டினார். மஞ்சள் பெயிண்டின் மேல் ஒரு மண் உருண்டை ஒட்டியிருந்தது. காய்ந்து வெளுத்த குளவிக்கூடு. நடுவில் ஒரு ஓட்டை.

"பெயிண்ட் மேல கூடு. கூட்டுல ஓட்டை. அதாவது உள்ள இருந்தது வளர்ந்து வெளியே போயிடுச்சு."

"செவ்வாய்க்கிழமை மத்தியானம் வீடு கட்டி, முட்டை போட்டு, புள்ளையை வளத்து, வெள்ளிக்கிழமை காலைல காலி பண்ணிட்டுப் போயிருக்கு," என்றாள் அல்போன்சா. "அவசரக் குளவி சார்."

ஸ்ரீகண்டன் அவளைப் பார்க்கவில்லை. பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குறைஞ்சது மூணு வாரம் ஆகும்," என்றார் கஸ்தூரிரங்கன். "டிசம்பர் நடுவுல அடிச்ச பெயிண்ட் இது. செவ்வாய்க்கிழமை நீங்க எந்த எழுத்தைப் பாத்தீங்க?"

"என் வக்கீலோட பேசுங்க." கார்க் கதவு சாத்தப்பட்டது.

கார் திரும்பும்வரை அல்போன்சா பொறுத்திருந்தாள். "அவர் பொய் சொல்றார். அது முடிஞ்சுது. ஆனா குளவியைச் சாட்சிக் கூண்டுல ஏத்த முடியாதே சார். பச்சைமுத்து நான்தான் அடிச்சேன்னு ஒத்தைக் கால்ல நிக்கிறாரு."

"அதனாலதான் அடிச்சது யாருன்னு பாக்கணும்."

காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் பக்கத்துப் பட்டறையிலிருந்து ஏணி வாங்கி வந்தார். கஸ்தூரிரங்கன் ஏறி, பிளேடால் சிவப்பில் ஒரு நகக்கண் அளவு சுரண்டித் தாளில் மடித்துக்கொண்டார். பிறகு மஞ்சளிலும் சுரண்டி இன்னொரு தாளில் மடித்துக்கொண்டார். அடியில் கறுப்பு வந்தது. பலகையில் இன்னும் அங்கங்கே சுரண்டிப் பார்த்தார்.

"ஊ," என்று கீழே இருந்து படித்தாள் அல்போன்சா. "தமிழ்."

"தமிழ் மட்டும்தான். வேற மொழியில ஒரு வரிகூட இல்ல."

"லோடு இறக்குறவங்க எல்லாரும் தமிழ் ஆளுங்க. அவங்களுக்காக எழுதின போர்டு. தீ அணைக்க வர்றவங்க என்ன படிப்பாங்கன்னு யோசிக்கல."

கான்ஸ்டபிள் தொண்டையைக் கனைத்தார். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "டிசம்பர்ல காவிரி கலாட்டா ஆச்சே சார். அந்த ரெண்டு நாள் இந்த ரோட்டுல தமிழ் போர்டு இருந்தா கிடங்கையே கொளுத்தியிருப்பாங்க. மஞ்சள் சிவப்பு இருந்தா விட்டுட்டுப் போனாங்க. நம்ம கன்னடக் கொடின்னு."

கஸ்தூரிரங்கன் ஏணியிலிருந்து இறங்கினார்.

சிவாஜிநகருக்கு அல்போன்சாவின் லூனா மொபெட்டில் போனார்கள். "உங்க யோசனையெல்லாம் சேத்து வெயிட் ஜாஸ்தி சார். ஏத்தம் வந்தா இறங்கிக்குங்க," என்றாள். ஏற்றத்தில் அவர் நிஜமாகவே இறங்கி நடந்தார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், இறைச்சிக் கடைகளுக்கும் துணிக் கடைகளுக்கும் நடுவில் கௌஸ் பாயின் பெயிண்ட் கடை. முப்பது வருடமாக அங்கே உட்கார்ந்திருப்பவர். தாள்களைப் பிரித்து முதலில் மஞ்சளைப் பார்த்தார்.

"மஞ்சளை என்னைக் கேக்காதீங்க சாப். டிசம்பர்ல ரெண்டே நாள்ல ஸ்டாக் காலி. அரிசிக்கு நிக்கிற மாதிரி க்யூ நின்னாங்க. யாருக்குக் கொடுத்தேன்னு கேட்டா பாதி சிவாஜிநகரைச் சொல்லணும். நானே என் கடைக்கு அடிச்சேன்."

"சிவப்பு?"

கௌஸ் பாய் சிவப்புத் துணுக்கை வெளிச்சத்தில் பிடித்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"கொடிக்கு வாங்குறவங்க குங்குமச் சிவப்பு கேப்பாங்க. இது அது இல்ல. இது வண்டிச் சிவப்பு."

"லாரியா?"

"லாரிக்கு யாரு இவ்வளவு நல்ல பெயிண்ட் அடிப்பாங்க? ஃபயர் எஞ்சின் சாப். அவங்களுக்கு டிப்போவுல இருந்து நேரா வரும். நம்ம கடைக்கு வராது. வந்தா விக்காம வச்சுக்குவேன், அவ்வளவு நல்ல மால்."

 கடையை விட்டு வெளியே வந்ததும் அல்போன்சா நின்றாள்.

"சார், மேல இருந்த கீறல். கொக்கி. அவங்க ஏணிக்கு மேல கொக்கி இருக்கும்ல? சுவத்துல மாட்டி ஏறுறது."

"ம்."

"தண்ணி ஊத்தாதேன்னு சொன்ன போர்டைத் தீயணைக்கிறவங்களே அழிச்சாங்களா?"

அவர் லூனாவின் பின்னால் உட்கார்ந்தார்.

தீயணைப்பு நிலையத்தில் கொடி அரைக் கம்பத்தில் இருந்தது. முற்றத்தின் ஓரமாக வாளிகள் வரிசையாகத் தொங்கின. வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை. இரண்டு நிறமும் சந்திக்கும் விளிம்பு கத்தியால் வெட்டியதுபோல நேராக இருந்தது. கஸ்தூரிரங்கன் தாளைப் பிரித்து ஒரு வாளியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அன்றைய குழுவின் தலைவர் மஞ்சுநாத் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையிலும் முழங்கைவரை கட்டு.

"வாட்ச்மேனுக்காக வந்திருக்கீங்களா? எழுந்து போங்க சார். அவன் தூக்குல தொங்கணும்."

"போயிடறேன். தீ எப்படிப் பிடிச்சதுன்னு மட்டும் சொல்லுங்க."

"பக்கத்துப் பட்டறை வெல்டிங் பொறி. கழிவுப் பஞ்சுல விழுந்திருக்கு. ரிப்போர்ட் நேத்தே போயிடுச்சு. தீயை அவன் வைக்கல, ஒத்துக்கறேன். ஆனா போர்டு? சின்னத் தீ சார் அது. போர்டு மட்டும் இருந்திருந்தா, எந்த மொழியா இருந்தாலும் யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டு, மணல் போட்டே முடிச்சிருப்போம். வெடிச்சதுக்கு அப்புறம் உப்பு மண்டியில இருந்து காஞ்ச பொடி உப்பு மூட்டை மூட்டையாக் கொண்டுவந்து கொட்டினோம். இந்தக் கையோட நானும் கொட்டினேன். அதுலதான் அணைஞ்சுது. அதையே முதல்ல செஞ்சிருக்கலாம்."

"கேட்டுக்கு வந்ததும் போர்டைப் பாத்தீங்களா?"

"அதுதான் எங்க முதல் வேலை. எந்தக் கிடங்குக்குப் போனாலும் முதல்ல கேட்டைப் பாக்கணும். நான் பாத்தேன், கொடிதான் இருந்துது. நாகேஷும் பாத்தான்." மஞ்சுநாத் நிறுத்தினார். "பாத்துட்டுச் சிரிச்சான்."

"சிரிச்சாரா?"

"ஆமா. ஏன்னு தெரியல. ஏதோ தெரிஞ்ச ஆளைப் பாத்த மாதிரி. அப்புறம் பைப்பைத் தூக்கிட்டு முன்னாடி ஓடிட்டான். இந்த எடம் நமக்குத் தெரியும் குரு, வான்னான்."

அல்போன்சா வாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வாளிக்கெல்லாம் பெயிண்ட் அடிக்கிறது யாரு?" என்று மெதுவாகக் கேட்டார் கஸ்தூரிரங்கன்.

"வருஷா வருஷம் நாகேஷ்தான். நூல் கட்டி அடிப்பான். வேற யாரையும் தொட விடமாட்டான்..."

 மஞ்சுநாத் தன் கட்டுப் போட்ட கைகளை மடியில் வைத்துப் பார்த்தார். 

"டிசம்பர்ல ஒரு நாள் சாயங்காலம் கொக்கி ஏணி வேணும்னான்," என்றார் கடைசியில். "எதுக்குன்னு கேட்டேன். ஒரு ஆளை இறக்கணும்னான்."

நான்கரை மணி. காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் கோவிந்தப்பா கடிகாரத்தைக் காட்டினார். "பத்து நிமிஷம். அதுக்கு மேல இல்ல."

பச்சைமுத்து சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான மனிதர். காக்கிச் சட்டையின் கழுத்துப் பட்டன் வரை போட்டிருந்தார்.

"ஏணி யாருது பச்சைமுத்து?"

"ஸ்டூல் சார்."

"சிவப்பு பெயிண்ட் யாருது?"

பச்சைமுத்து கழுத்துப் பட்டனைத் தொட்டுப் பார்த்தார்.

"செவ்வாய்க்கிழமை நாகேஷ் அந்தப் போர்டைப் பாத்துச் சிரிச்சாராம்."

பச்சைமுத்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.  கஸ்தூரிரங்கன் காத்திருந்தார்.

"முக்குல ரெண்டு லாரி எரிஞ்சுட்டு இருந்துச்சு சார். கத்துற சத்தம் கிட்ட வருது. நான் கேட்டுல நிக்கிறேன். நாகேஷ் டூட்டி முடிஞ்சு சைக்கிள்ல வந்தாரு. எங்க சந்துதான், நாலு வீடு தள்ளி. அது தமிழ் போர்டா அண்ணான்னாரு. ஆமா, எட்டல, கழட்ட முடியலன்னேன். அரை மணியில ஏணியோட, பெயிண்டோட வந்துட்டாரு. அவரே ஏறி அடிச்சாரு. கூட்டம் வந்துச்சு. மேல பாத்துச்சு. போயிடுச்சு."

"அதுல என்ன எழுதியிருக்குன்னு..."

"அவருக்குத் தமிழ் பேச வரும், படிக்கத் தெரியாது. அவரு கேக்கல. நான் சொல்லல." பச்சைமுத்து முகத்திலிருந்து கையை எடுத்தார். "பதினோரு வருஷமா அந்தப் போர்டுக்குக் கீழ நிக்கிறேன். அன்னைக்கு எனக்கு அது தமிழ்ங்கறது மட்டும்தான் தெரிஞ்சுது சார். என்ன சொல்லுதுன்னு மறந்தே போச்சு."

"அப்புறம் ஞாபகம் வரலையா?"

"மறுநாளே வந்துச்சு. முதலாளிக்கு மூணு தரம் போன் பண்ணேன். கன்னடத்துல புதுசா ஒண்ணு எழுதி மாட்டலாம்னு. ஊர் அடங்கட்டும்னாரு. அதுக்கப்புறம் அவரு அந்தப் பக்கமே வரல. தீப்பிடிச்சப்போ நான் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தேன். வந்து பாத்தா..." அவர் தலையை ஆட்டினார். "சொல்லிடாதீங்க சார். அவரு சம்சாரம் வீணா, அந்தப் பொண்ணு மூணு நாளா எதுவும் சாப்பிடல. ஊரே வந்து அவரைக் கும்பிட்டுட்டுப் போகுது. தன் கையால அடிச்ச பெயிண்டே அவரைக் கொன்னுச்சுன்னு அது கேக்கணுமா? என்னைக் காப்பாத்த வந்ததாலதான் செத்தாருன்னு கேக்கணுமா? நான் உள்ள இருந்துட்டுப் போறேன்."

"சந்திரம்மா?"

"அவ தாங்குவா."

கஸ்தூரிரங்கன் அல்போன்சாவைப் பார்த்தார்.   அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. மஞ்சுநாத் முதலில் வந்தார், கட்டுப் போட்ட கைகளை நெஞ்சோடு பிடித்தபடி. அவருக்குப் பின்னால் ஒரு பெண். வெள்ளைப் புடவை அல்ல, வீட்டில் கட்டியிருந்த பழைய நீலப் புடவை. தலை வாரவில்லை. கஸ்தூரிரங்கன் எழுந்து நின்றார். நாகேஷின் மனைவி வீணா என்று யாரும் சொல்லத் தேவைப்படவில்லை.

அவள் நேராக இன்ஸ்பெக்டர் மேஜைக்குப் போனாள்.

"அந்த போர்டுக்கு பெயிண்ட் அடிச்சது எங்க வீட்டுக்காரரு. எழுதிக்கோங்க சார்."

"பொய் சார்!" பச்சைமுத்து எழுந்துவிட்டார். "துக்கத்துல ஏதோ சொல்லுது. நான்தான் அடிச்சேன். நான் எழுதிக் கொடுத்திருக்கேன்ல?"

வீணா திரும்பவில்லை. "டிசம்பர்ல அன்னைக்கு வீட்டுக்கு வரும்போது கை ரெண்டும் மஞ்சள். கெரசின் ஊத்தி நான்தான் துடைச்சுவிட்டேன். என்னங்க இதுன்னு கேட்டேன். இன்னைக்குத் தீயில்லாமலே ஒரு ஆளைக் காப்பாத்திட்டேன்னாரு. எந்த ஆளுன்னு சொல்லல. எந்த போர்டுன்னு சொல்லல. இன்னைக்கு மஞ்சுநாத் அண்ணா வந்து சொன்னாங்க."

"சார், நம்பாதீங்க..."

"பச்சைமுத்து, உக்காரு," என்றார் கோவிந்தப்பா. அவர் குரலில் அதட்டல் இல்லை.

வீணா இப்போதுதான் பச்சைமுத்துவின் பக்கம் திரும்பினாள்.

"அண்ணா, அதுல என்ன எழுதியிருந்துச்சு?"

பச்சைமுத்து பெஞ்சில் மெல்ல உட்கார்ந்தார்.  அவள் காத்திருந்தாள். 

"தண்ணி ஊத்தாதேன்னு," என்றார்.

அவள் தலையை அசைத்தாள். ஒரு கணக்கைச் சரிபார்த்துக்கொள்வதுபோல இரண்டு தடவை. பிறகு இன்ஸ்பெக்டரிடம் பேனாவைக் கேட்டாள். ரைட்டர் எழுதி முடித்ததும் கன்னடத்தில் கையெழுத்துப் போட்டாள். 

கஸ்தூரிரங்கன் இரண்டு பொட்டலங்களை மேஜைமேல் வைத்தார். சிவப்பு, மஞ்சள். குளவிக்கூட்டைப் பற்றி நான்கு வாக்கியத்தில் சொன்னார். மூன்று டெலிபோன் கால்களைப் பற்றி இரண்டு வாக்கியத்தில். கோவிந்தப்பா குறுக்கே பேசாமல் கேட்டார். பச்சைமுத்துவின் வாக்குமூலத்தை எடுத்துக் கோப்பின் கடைசியில் செருகினார். பிறகு வெளியே பார்த்துக் குரல் கொடுத்தார்.

"ஜீப்பை எடு. ஸ்ரீகண்டன் வீட்டுக்கு. வக்கீலையும் சேத்தே கூட்டிட்டு வா."

மணி ஐந்தைத் தாண்டியிருந்தது.

"நீ போகலாம்," என்றார் பச்சைமுத்துவிடம். "நாளைக்குக் காலைல வந்து ஸ்டேட்மெண்ட் கொடு. இந்தத் தடவை உண்மையை."

பச்சைமுத்து எழவில்லை. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். போகலாம் என்ற சொல் அவருக்குப் புரியாததுபோல இருந்தது. அல்போன்சா ஒரு அடி முன்னால் வைத்தாள். கஸ்தூரிரங்கன் கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

வீணா வாசல்வரை போய்விட்டாள். அங்கே நின்றாள்.

"வாங்கண்ணா," என்றாள். "ரெண்டு பேருக்கும் ஒரே பஸ்தானே."

அவர் வருகிறாரா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. படியில் இறங்கி, தெருவைப் பார்த்தபடி காத்திருந்தாள்.